நாப்பத்தொண்ணாவது படம்

"நிதானமா படிங்க சார், ஒண்ணும் அவசரமில்ல, அரை மணி நேரத்துல வர்றேன்"னு சொல்லி, ஆபீஸ் பொண்ணு ஷெரின் கதவைச் சாத்திட்டுப் போகும்போது மணி பதினொண்ணு அஞ்சு. இப்ப பதினொண்ணு பத்து. அஞ்சு நிமிஷத்துல நான் படிச்சு முடிச்சது என் பேரை மட்டும்தான். திரு. கோ. துளசிங்கம், இதன் பிறகு 'கன்சல்டன்ட்' என்று குறிப்பிடப்படுபவர். அவ்வளவுதான், முதல் வரியிலயே பேரைப் பிடுங்கிட்டாங்க. அதுக்கப்புறம் பதினாலு பக்கம் புரட்டிட்டேன், எங்கயும் துளசிங்கம் இல்ல. கன்சல்டன்ட்தான் வர்றான். கன்சல்டன்ட் செய்ய வேண்டியது, கன்சல்டன்ட் செய்யக் கூடாதது, கன்சல்டன்ட் செத்துப்போனா மத்தவங்க செய்ய வேண்டியது. எல்லாம் இங்கிலீஷ், நான் மனசுக்குள்ள தமிழாக்கிக்கிட்டே போறேன். வியாசர்பாடி நைட் ஸ்கூல்ல ஆரோக்கியசாமி சார் சொல்லுவாரு, புரியாத வரியை ரெண்டாவது தடவை சத்தமா படி, மூணாவது தடவையும் புரியலன்னா எழுதினவனுக்கே புரியலன்னு அர்த்தம், விட்டுட்டுப் போ. பகல் பூரா ஃபிரேம் கடையில சட்டம் அறுத்துட்டு, தலைமுடியில மரத்தூளோட போய் உக்காந்தவனுக்கு அது பெரிய ஆறுதல். ஆனா இங்க சத்தமா படிக்க முடியாது. கண்ணாடி ரூம். எட்டாவது மாடி. வெளிய முப்பது பேரு கம்ப்யூட்டரைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க, ஏசி நேரா என் பிடரியில அடிக்குது, டீ ஒண்ணு வச்சாங்க, அது ஆறி மேல ஆடை கட்டிடுச்சு. கால் தானா ஆடுது. அம்சவேணி பாத்தா அதட்டுவா, கால ஆட்டாதய்யா, குடும்பம் ஆடும்பா. காலையில சட்டையை அயர்ன் பண்ணிக் குடுக்கும்போதே, "எங்க கையெழுத்துன்னு காட்டுறாங்களோ அங்க போடு, ஆராய்ச்சி பண்ணாத"ன்னா. "படிக்காம எப்படிடி போடுறது"ன்னேன். "என்னைக் கட்டும்போது படிச்சா போட்ட"ன்னா. நான் வேலை பாத்த ஓவியக் கேலரி மூடி மூணு வருஷம் ஆச்சு, மூணு வருஷமா நான் அடுக்குமாடி வீடுங்கள்ல டிவி மாட்டுறேன், கர்ட்டன் ராடு மாட்டுறேன். ஒரு வீட்டுல சாமி படம் மாட்டச் சொல்லி, நான் ரசமட்டம் வச்சுப் பாத்ததைப் பாத்துட்டு அந்த வீட்டுக்காரர், சாமிக்கு எதுக்குப்பா மட்டம்னு கேட்டாரு. அப்படி இருந்தவனுக்கு இப்ப அச்சடிச்ச காகிதத்துல ஆர்ட் கன்சல்டன்ட்னு வருது. பொண்டாட்டி மூட்டுவலிக்கு இன்சூரன்ஸ் வருது. சாயங்காலம் லட்டு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கா. போடு கையெழுத்தை. பேனா கூட அவங்களே வச்சிருக்காங்க. எதிர் சுவத்துல இருக்கிறதை மட்டும் நான் இன்னும் நிமிந்து பாக்கல. பாக்கக் கூடாதுன்னு ஒண்ணுமில்ல. பேப்பர் படிக்கத்தானே உக்கார வச்சிருக்காங்க, படிப்போம்.

நாலாவது பிரிவு. கன்சல்டன்ட் ஒரு இடத்தைப் பார்வையிட முப்பது நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. முப்பது நிமிஷம். நான் ஒரு எடத்துக்குப் படம் சொல்லணும்னா முதல்ல அங்க இருக்கிற நாற்காலி ஒண்ணு விடாம உக்காந்து பாப்பேன். இவங்க ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கிற எடத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்தேன், நர்ஸ் வந்து டோக்கன் நம்பர் கேட்டுச்சு, படம் மாட்ட வந்தேம்மான்னா நம்பல, வயித்துல தண்ணி ரொம்பியிருக்கா, முட்டுதான்னு கேட்டுச்சு. ஆனா அங்க உக்காந்ததுலதான் தெரிஞ்சுது, ஸ்கேனுக்குக் காத்திருக்கிறவன் சுவத்தைப் பாக்க மாட்டான், தரையைத்தான் பாப்பான். அதனால எல்லாரும் மாட்டுற உசரத்துலேருந்து ரெண்டடி இறக்கி மாட்டினேன். வந்தவங்கல்லாம் ஏதோ ஏணி பத்தலன்னு நெனைச்சாங்க. ராமபத்ரன் சார் மட்டும் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அவரு கேலரி முதலாளி, இருபத்திரெண்டு வருஷம் அவருகிட்டதான் இருந்தேன், ஒண்ணும் சொல்லலன்னா பாராட்டுறாருன்னு அர்த்தம். ஒண்ணும் சொல்லாம இருக்கிறதுல அவரு மன்னன், அதுதான் பிரச்சனையும், சரி, அதை விடு. ஆறாவது பிரிவு. பணியில் இருக்கும் காலத்தில் நிறுவனத்துக்கு வெளியே எந்தக் கலைப்பொருளைப் பற்றியும் கன்சல்டன்ட் அபிப்பிராயம் கூறக் கூடாது. அப்ப மச்சான் வீட்டுல காலண்டரைக் காட்டி இது ஹால்லயா சமையல்கட்டுலயான்னு கேட்டா, மன்னிச்சுக்க மாப்ள, ஆறாவது பிரிவுன்னு சொல்லணும். நல்லதுதான். அவன் கேக்காத நாளே கிடையாது. பதினொண்ணாவது பிரிவு, பணியின்போது கன்சல்டன்ட் வெளிப்படுத்தும் ரசனை, தீர்ப்பு, அறிவு அனைத்தும் நிறுவனத்தின் சொத்து, விலகிய பிறகும் மூன்று வருடங்களுக்கு. மூணு தடவை படிச்சேன். மூணு வருஷத்துக்கு என் கண்ணை இங்கயே வச்சுட்டுப் போகணும் போல. வீட்டுக்குத் தடவிக்கிட்டே போகலாம். பத்தை விட்டுட்டேனே. ஒம்பதையும் விட்டுட்டேன். ஒம்பதை மொதல்லயே பாத்துட்டேன், அதனாலதான் தாண்டித் தாண்டிப் போறேன். ஒம்பதாவது பிரிவு. கன்சல்டன்ட் தானோ தன் மனைவியோ மக்களோ உடன்பிறந்தாரோ உருவாக்கிய எந்தப் படைப்பையும் நிறுவனத்தின் எந்தச் சுவரிலும் வைக்கக் கூடாது. இதுவரை வைத்ததில்லை என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறார். ரெண்டாவது வாக்கியத்தை எவனோ நல்லா சாப்பிட்டுட்டு உக்காந்து எழுதியிருக்கான். அம்சவேணி படம் வரைய மாட்டா. கோலமே ஸ்டிக்கர். மகள் கல்யாணமாகி ஓசூர்ல இருக்கா, அவளும் இல்ல. தம்பி மெக்கானிக். மிச்சம் யாரு.

கடைசியில அட்டவணை. அதுதான் பேனாவை எடுக்க விடல. இந்தக் கம்பெனிக்கு ரெண்டு ஆஸ்பத்திரி, ரெண்டு ஹோட்டல், இந்த ஆபீஸ், எல்லாத்துலயும் சேத்து முன்னூத்துப் பன்னெண்டு படம். அதுல எம்பத்தாறு நான் மாட்டினது. அந்த எம்பத்தாறையும் லிஸ்ட் போட்டிருக்காங்க, படத்தோட பேரு, போட்டவங்க பேரு, எதுல போட்டது, என்ன சைஸ், எந்தச் சுவரு. கீழ ஒரு வரி, மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை, பொய் எனத் தெரிந்தால் உடனடி நீக்கம். ஷெரின் நல்ல பொண்ணு, பொறுமையா சொல்லுச்சு, "லிஸ்ட்டுல ஏதாவது தப்பா இருந்தா அடிச்சுட்டு சரியானதை எழுதிடுங்க சார், பக்கத்துல சின்னதா ஒரு கையெழுத்து. மத்தபடி ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழ ஒண்ணு, கடைசியில பெருசா ஒண்ணு, அவ்வளவுதான்." சின்னது, நடுத்தரம், பெருசு. ஜட்டி கடை மாதிரி. லிஸ்ட்டுல நாப்பத்தொண்ணு. டி. எஸ். ஞானாம்பிகை, தலைப்பிடாதது, கான்வாஸில் எண்ணெய் வண்ணம், நாலுக்கு ஆறு அடி, எட்டாவது மாடி சந்திப்பு அறை. சந்திப்பு அறைன்னா இந்த ரூம்தான். சரி, பாத்துடுவோம். இதோ நிமிந்துட்டேன். சாம்பல் நிறம், அதுக்கு மேல ஒரு நீலம் பாதியில நின்னு போச்சு, நடுவுல காவிக் கலர் ஒரு கோடு மாதிரி இறங்கி, கீழ் வலது மூலையில ஏதோ அழிஞ்சு தேய்ஞ்ச மாதிரி ஒரு எடம். மேல தனியா ஒரு லைட்டு. லைட்டு நான்தான் போட்டேன். படமும் நான்தான் போட்டேன். அதாவது அது படமே இல்ல, டம்மி. எங்க தொழில்ல உண்டு, படம் வர லேட்டாச்சுன்னா அதே அளவுல ஒரு கான்வாஸைச் சட்டத்துல இழுத்துக் கட்டி, கையில கெடைச்ச பெயின்டை அடிச்சு சுவத்துல மாட்டி வைப்போம். ஆணி தாங்குதா, லைட்டு எங்க விழுது, நாற்காலி இடிக்குதான்னு பாக்கத்தான். ஒரிஜினல் வந்ததும் டம்மி கீழ எறங்கிடும். பதினோரு வருஷம் முன்னாடி, இந்த பில்டிங் திறக்கிற சமயம், ஐப்பசி கார்த்திகைன்னு அப்படி ஒரு மழை, ஞானாம்பிகை அம்மா படம் காயவே இல்ல. எண்ணெய் வண்ணம், தொட்டா ஒட்டுது. "டம்மியைப் போடு துளசி, காஞ்சதும் மாத்திக்கலாம்"னாரு சார். கீழ பேஸ்மென்ட்ல கார் நிறுத்துற எடத்துக்கு அடிச்ச சாம்பல் பெயின்ட் அரை வாளி மிச்சம் இருந்துது, மூணாவது மாடி கழிவறைக்கு அடிச்ச நீலம் கொஞ்சம், கேட்டுக்கு அடிச்ச ரெட் ஆக்சைடு ஒரு டப்பா. மத்தியானம் சாப்பிட்டுட்டு ரோலரை எடுத்தேன். சும்மா ஒரே கலரா அடிச்சுட்டுப் போயிருந்தா இன்னிக்கு இந்த வம்பே இல்ல. ஆனா அன்னிக்கு என்னமோ, மழைச் சத்தம், ஆள் யாரும் இல்ல, நீலத்தை அடிச்சுக்கிட்டே வந்து பாதியில நிறுத்தினா எப்படி இருக்கும்னு தோணுச்சு. நிறுத்தினேன். ரெட் ஆக்சைடு தானா வழிஞ்சுது, வழிய விட்டேன். கீழ் மூலையில நான் எழுந்திரிக்கும்போது முழங்கையை ஊனிட்டேன். துடைச்சேன், போகல. மாட்டிட்டு சாதாரணமாத்தான் போனேன். மறுநாள் காலையில கம்பெனி பெரியவர் திடீர்னு வந்து நின்னுட்டாரு. திறப்பு விழாவுக்கு ரெண்டு நாள் இருக்கு, யாரும் எதிர்பாக்கல. ஸ்டிக்கர் ஏற்கனவே ஒட்டியாச்சு, டி. எஸ். ஞானாம்பிகைன்னு. பெரியவர் கையைப் பின்னால கட்டிட்டு பத்து நிமிஷம் நின்னாரு. "ராமபத்ரன், மத்தது எல்லாம் இருக்கட்டும், இது என்னை நிறுத்திடுச்சுய்யா"ன்னாரு. நான் சாரைப் பாத்தேன். சார் ஒண்ணும் சொல்லல. அவருதான் அதுல மன்னனாச்சே. பொங்கல் முடிஞ்சு ஒரிஜினல் காஞ்சுது. "சார், மாத்திடலாமா"ன்னேன். "இப்ப மாத்தினா என்னன்னு சொல்றது, அவரு தினமும் அதைப் பாத்துட்டுத்தான் ரூமுக்குப் போறாராம். இருக்கட்டும் துளசி, சமயம் பாத்துக்கலாம்"னாரு. சமயம் வரல. பெரியவர் போய்ச் சேந்தாரு, சாரும் போய்ச் சேந்தாரு. டம்மி இருக்கு.

ஒரு படம் நல்லா இருக்கா இல்லையான்னு சொல்றதுக்குத்தானே என்னை வேலைக்கு எடுக்கிறாங்க, அப்ப சொல்றேன். வேற எவனாவது போட்டிருந்தா நான் என்ன சொல்லுவேன்? சாம்பல் கொஞ்சம் கனம். நீலம் நின்ன எடம் நல்லா இருக்கு. அந்த மூலை ரொம்ப நல்லா இருக்கு. அய்யோ, அதுதான் விஷயமே. பயத்துல பதினோரு வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன்னு நான் சொல்லிக்கிறது பாதிதான் உண்மை. அம்சவேணிகிட்ட கூட அப்படித்தான் சொல்லியிருக்கேன், வேலை போயிடும், சார் மானம் போயிடும்னு. மீதிப் பாதி என்னன்னா, வருஷத்துக்கு ரெண்டு தடவை தூசி தட்ட இங்க வருவேன், வர்றப்பல்லாம் குளிச்சுத் தலை சீவிட்டு வர்ற மாதிரி வருவேன், எட்டாவது மாடியில லிஃப்டை விட்டு எறங்கி, லைட்டைப் போட்டு, கதவைச் சாத்திட்டு ஒரு நிமிஷம் நிப்பேன். என்னோடது. லைட்டுக்குக் கீழ. எம்பத்தஞ்சு படம் மத்தவங்களோடதைச் சுமந்து ஏத்தி மாட்டினவனுக்கு இது ஒண்ணு. கம்பெனி காலண்டர்ல ஒரு வருஷம் ஆகஸ்ட் மாசத்துக்கு இதைப் போட்டாங்க. அந்தக் காலண்டரை நான் வீட்டுல மாட்டல, அவ்வளவு தைரியம் கெடையாது, ஆனா எறியவும் இல்ல, பீரோவுக்கு மேல சுருட்டி வச்சிருக்கேன். பீரோவுக்குப் பின்னால ஒரிஜினல் இருக்கு. கேலரி மூடும்போது சார் மகன், கணக்குல இல்லாத சரக்கை யாரு வேணா எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டாரு. இது வித்துப்போன படம், அதனால எந்தக் கணக்குலயும் இல்ல, ரேக்குல சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டிருந்துது. வாசல்ல கெடக்கட்டும்னு விட மனசு வரல. குட்டி யானை வண்டியில வச்சுக் கொண்டு வந்தேன். வீட்டுல நாலடிக்கு ஆறடி நிக்கிற எடம் பீரோவுக்குப் பின்னால மட்டும்தான். அம்சவேணி பழைய பெட்ஷீட்டைப் போத்தி வச்சிருக்கா. பெருக்கும்போதெல்லாம், "இந்த அம்மா எப்ப கெளம்புறாங்க"ன்னு கேப்பா. கெளம்ப வைக்கத்தான் இந்த வேலைக்கே சரின்னு சொன்னேன்னு கூட சொல்லலாம். கன்சல்டன்ட்டுக்கு எல்லா ரூம் சாவியும் உண்டு, அஞ்சாவது பிரிவு. ஒரு ஞாயித்துக்கிழமை வந்து சத்தமில்லாம இதை எறக்கி அதை ஏத்திட்டா லிஸ்ட் உண்மையாயிடும், ஒம்பதும் உண்மையாயிடும், ஸ்டிக்கர் கூட அதேதான். திங்கக்கிழமை எவனாவது, என்ன இது வேற மாதிரி இருக்கேன்னா? சுத்தம் பண்ணோம், அழுக்கு போயிடுச்சுன்னு சொல்லலாம். சாம்பலுக்குள்ளேருந்து மஞ்சளா வந்துடுச்சு? அவ்வளவு அழுக்கு சார். நம்புவானுங்க. ஆர்ட் கன்சல்டன்ட் சொன்னா நம்பித்தான் ஆகணும், அதுக்குத்தானே பதினாலு பக்கம். இன்னிக்கு ஒரு பொய், ஞாயித்துக்கிழமை அது உண்மை. அஞ்சு நாள் பொய்தான். பேனாவை எடுத்துட்டேன். மூடியைத் தொறந்துட்டேன். மணி பதினொண்ணு இருபத்தஞ்சு.

ஆனா ஞானாம்பிகை அம்மா வந்தாங்களே. அதை எந்த ஞாயித்துக்கிழமை எறக்கி வைக்கிறது. ஆறு வருஷம் முன்னாடி, அந்தக் காலண்டர் வெளியிட்டப்ப, அவங்களைக் கூப்பிட்டு சால்வை போத்தினாங்க. நான்தான் அவங்க பையைத் தூக்கிட்டுப் பின்னால நடந்தேன். இந்த ரூமுக்குக் கூட்டிட்டு வந்து, உங்க படம் பாருங்கன்னு நிறுத்தினாங்க. நின்னாங்க. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுப் போட்டுக்கிட்டாங்க. "துளசி, இது நான் எப்ப போட்டேன்?" "அந்த மழை வருஷம்மா." என் வாயிலேருந்துதான் வந்துது, எவ்வளவு வேகமா வந்துது. "மழை வருஷமா"ன்னாங்க. "மழை வருஷம் ஒண்ணு போட்டேன், அது மஞ்சள் இல்ல? இந்த மூலை என் கை மாதிரி இல்லையே." பின்னாலேருந்து சார், "நீங்க போட்டது ஐந்நூறு படம், எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கிட்டா மனுஷன் தாங்குவானா"ன்னு சிரிச்சாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களும் சிரிச்சாங்க, கொஞ்சம் தாமதமா. அந்தத் தாமதம் இருக்கே. ரசமட்டத்துல அந்தக் காத்துக் குமிழி நடுவுக்கு வந்து நிக்காம ஒரு நூல் தள்ளி நிக்கும் பாருங்க, அது. சுவரு நேரா இருக்கும், ஃபிரேம் நேரா இருக்கும், குமிழி மட்டும் ஒத்துக்காது. போன மாசம் திருவான்மியூர் வீட்டுக்குப் போனேன், கர்ட்டன் ராடு போட அவங்க மக வைதேகி கூப்பிட்டுச்சு. சமையல்கட்டுல ஒவ்வொரு டப்பாலயும் சீட்டு, சர்க்கரை, உப்பு, ரவை. "அம்மாவுக்கு மறதி ஆரம்பிச்சிருக்குண்ணா, அடுத்த மாசம் டாக்டர்கிட்ட காட்டணும்"னு மெதுவாச் சொல்லுச்சு. அந்தம்மா உள்ளேருந்து, "துளசிக்குச் சர்க்கரை அரை ஸ்பூன் போதும், ஓசூர்ப் பொண்ணுக்கு இப்ப எட்டாம் மாசம்தானே"ன்னாங்க. எனக்கே எட்டா ஏழான்னு கணக்குப் போட்டுத்தான் பாக்கணும். மறதியாம். "என்னம்மா படம் ஏதும் போடறதில்லையா"ன்னேன், ஏணியில ஏறி நின்னுக்கிட்டு. "நிறுத்திட்டேன் துளசி. போட்டா ஏற்கனவே போட்டதையே போடறேனோன்னு பயம். உனக்குத் தெரியுமில்ல, அன்னிக்கு ஆபீஸ்ல, என் படத்தையே எனக்கு அடையாளம் தெரியல. அங்கதான் ஆரம்பம். அதுக்கப்புறம் என் தலை சொல்றதை நான் நம்புறதில்ல." அப்ப சொல்லியிருக்கலாம். ரெண்டு பேருதான் இருந்தோம், வைதேகி மாடிக்குப் போயிருந்துது. வாயைத் தொறந்தேன். தொறந்துட்டு டிரில்லை ஆன் பண்ணிட்டேன். நாலு ஓட்டை போட வேண்டிய எடத்துல ஆறு போட்டேன். அந்த ரெண்டு ஓட்டையும் அந்த ஜன்னலுக்கு மேல இன்னும் சும்மாத்தான் இருக்கும்.

அப்ப இது அஞ்சு நாள் பொய் இல்ல. அந்த மஞ்சளை இங்க ஏத்திட்டு இந்தச் சாம்பலைக் குப்பையில போட்டேன்னா, அந்தம்மா மறுபடி ஒரு நாள் வந்து பாத்து, அன்னிக்குச் சாம்பலா இருந்துதே, இன்னிக்கு மஞ்சளா இருக்கேன்னு நிப்பாங்க. சுத்தம் பண்ணோம், அழுக்குன்னு சொல்லுவேனா? அவங்ககிட்டயும்? மிச்சம் இருக்கிற கொஞ்ச நம்பிக்கையையும் நானே கழுவி ஊத்தினதா ஆகும். சொன்னா ஒம்பதாவது பிரிவு, தன் படைப்பை வைக்கக் கூடாது, வைத்ததில்லை. சொல்லலன்னா நாப்பத்தொண்ணு, பொய் எனத் தெரிந்தால். ரெண்டு பக்கமும் கதவு, ரெண்டும் வெளியேருந்து பூட்டு. லட்டு. லட்டு வேற வாங்கணும். அம்சவேணி மூட்டு. பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லி வச்சிருப்பா. மறுபடி டிவி மாட்டலாம், அதுல ஒண்ணும் கொறைச்சல் இல்ல, டிவி பொய் சொல்லாது, மாட்டின மாதிரி இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷெரின் நடந்து போகுது, என்னைப் பாத்துக் கட்டை விரலைத் தூக்கி, ஆச்சான்னு கேக்குது. நான் கையை ஆட்டுறேன், இருங்கம்மா. இப்ப என்னமோ தெளிவா நடக்கல, அட்டவணையை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினேன், ஒரு கோடு போட்டா எப்படி இருக்கும்னுதான் பாத்தேன், அன்னிக்கு நீலத்தைப் பாதியில நிறுத்தினா எப்படி இருக்கும்னு பாத்தேனே அந்த மாதிரி. டி. எஸ். ஞானாம்பிகை மேல ஒரு கோடு. நேரா வந்துது, ஸ்கேல் இல்லாமயே. பக்கத்துல கோ. துளசிங்கம். கான்வாஸில் எண்ணெய் வண்ணம், அதுக்கு மேலயும் ஒரு கோடு. என்ன எழுதுறது? கான்வாஸில் மிச்ச பெயின்ட்னு எழுதினேன், இங்கிலீஷ்ல. எழுத்துப் பிழை இருக்கலாம், பரவால்ல. தலைப்பிடாதது, அதை அப்படியே விட்டேன், சைஸையும் சுவரையும் விட்டா அது ஒண்ணுதான் அந்த வரியில உண்மை. பக்கத்துல சின்னக் கையெழுத்து. இருபத்திரெண்டு வருஷமா மத்தவங்க படத்துக் கீழ் மூலையில கையெழுத்து மறையாம ஃபிரேம் போட்டவன், என் கையெழுத்து ஒரு படத்துக்குப் பக்கத்துல விழுறது இதுதான் முதல் தடவை, அதுவும் சுவத்துல இல்ல, அட்டவணையில. தப்பை ஒத்துக்கிறேன்னு போட்டதா, என்னோடதுன்னு போட்டதான்னு கேட்டா, சத்தியமா எனக்குத் தெரியல. பேனா ஒண்ணுதானே.

கதவு தொறந்துது. "எல்லாப் பக்கமும் போட்டாச்சா சார்?" "ஒரே ஒரு எடத்துலதாம்மா போட்டிருக்கேன்." "ஏன் சார், ஏதாவது புரியலையா?" "புரிஞ்சுதும்மா. நாப்பத்தொண்ணு பாருங்க." ஷெரின் குனிஞ்சு விரலை வச்சு வரி வரியா எறங்குச்சு, விரல் நின்னுது. பேப்பரைப் பாத்துது, என்னைப் பாத்துது, அப்புறம் திரும்பி சுவத்தைப் பாத்துது. இந்த ரூமுக்கு அது தினமும் நாலு தடவை வரும், பாத்திருக்காது, இப்பதான் பாக்குது. "விளையாடுறீங்களா சார்?" "இல்லம்மா." "இது நீங்களா?" "டம்மியா போட்டது. எறக்க மறந்துட்டாங்க. மறந்துட்டாங்கன்னு இல்ல, எறக்கல. ஒரிஜினல் என் வீட்டுல பத்திரமா இருக்கு." அது பக்கத்தைப் பின்னால புரட்டுச்சு. "சார், ஒம்பதாவது பிரிவு..." "தெரியும்மா. ரெண்டு தடவை படிச்சேன்." "நான் மேல காட்டணும் சார். என்ன சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியல. நீங்க இப்படியே உக்காருங்க, எங்கயும் போயிடாதீங்க." "எங்க போவேன், டீ கூட இன்னும் குடிக்கல." பேப்பரை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுட்டு வேகமாப் போகுது, வாசல்ல நின்னு மறுபடி ஒரு தடவை படத்தைத் திரும்பிப் பாத்துட்டுப் போகுது. பாருங்க, நிறுத்திடுச்சு. மேல போய் காட்டி, அவங்க எறங்கி வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆகும். அவங்க வந்து கேக்க ஆரம்பிச்சா நான் மறுபடி ஏதாவது டிரில்லை ஆன் பண்ணிடுவேன், என்னை எனக்குத் தெரியும். போனை எடுத்தேன். வைதேகிதான் எடுத்துச்சு. "சொல்லுங்கண்ணா, டாக்டர்கிட்டதான் கெளம்பிட்டிருக்கோம், ஆட்டோ வந்துடுச்சு." "ஒரு நிமிஷம் அம்மாகிட்ட குடும்மா." "அவசரமாண்ணா?" "பதினோரு வருஷமா அவசரம். குடு." செருப்புச் சத்தம், ஏதோ கதவு, அப்புறம் மூச்சு. "என்ன துளசி?" "அம்மா, ஆபீஸ்ல அந்தச் சாம்பல் படம், அது நீங்க போட்டது இல்ல." ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். "மழை வருஷம் நீங்க போட்டது மஞ்சள்தான். அது காயலன்னு நான் ஒரு டம்மி அடிச்சு மாட்டினேன், மாட்டினது மாட்டினபடியே நின்னு போச்சு. அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன். உங்களுக்கு மறக்கலம்மா." திட்டுவாங்க, அழுவாங்க, போனை வச்சுடுவாங்க, எது வந்தாலும் வாங்கிக்கிறதுக்கு நான் எழுந்து நின்னுட்டேன், ஆடிக்கிட்டிருந்த கால் எப்ப நின்னுதுன்னு தெரியல. ரொம்ப நேரம் கழிச்சு அவங்க குரல் வந்துது, டப்பாவைத் தொறந்து உள்ள இருக்கிறது சர்க்கரையா உப்பான்னு தொட்டுப் பாக்கிற மாதிரி, மெதுவா. "அந்தக் கீழ் மூலை?" "என் முழங்கைம்மா. எழுந்திரிக்கும்போது ஊனிட்டேன்." "அதானே பாத்தேன்"னாங்க.